இரண்டாம் பாகத்தை அவசரப்படுத்தாதீர்கள்: ஜேம்ஸ் பாண்டின் புதிய பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமேசான் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் பாண்ட் படங்களைப் பொறுப்பேற்றிருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்கள் நாயகன் பல வருடங்களாக எங்கள் ஊர்த் திரையரங்குகளில் தமிழ் பேசி வருகிறார். அதனால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

2025 பிப்ரவரியில், நெடுநாள் தயாரிப்பாளர்களான பார்பரா பிரோக்கோலியும் மைக்கேல் ஜி. வில்சனும் பாண்ட் படங்களின் படைப்புப் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்த செய்தி வந்தது. தொடர்ந்து ஏமி பாஸ்கலும் டேவிட் ஹேமனும் தயாரிப்பாளர்கள் ஆனார்கள். டெனி வில்னவ் இயக்குகிறார், ஸ்டீவன் நைட் எழுதுகிறார் என்றும் அறிவித்தீர்கள். எல்லாம் நல்ல பெயர்கள். முதல் படம் நன்றாகவே வரும் என்று நம்புகிறேன். என் கவலை அதற்கு அடுத்த படத்தைப் பற்றியது.

முதல் படம் ஓடிவிட்டால் இரண்டாவது படத்துக்குத் தேதி குறிக்கச் சொல்லி எல்லாப் பக்கத்திலிருந்தும் நெருக்குவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து 2008இல் வந்த 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது 2008 நவம்பரில், மதுரையில், தம்பியோடு. அதற்கு முந்தைய பாண்ட் படமான கசினோ ராயலை மூன்று தடவை பார்த்துவிட்டு வெறியோடு போயிருந்தோம். விளக்கு அணைந்தது. ஏரி, மலைப்பாதை, சுரங்கவழி, சீறிக்கொண்டு கார்கள். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, தம்பி என் காதருகே குனிந்து கேட்டான்: "அண்ணே, இதுல நம்ம ஆளு வண்டி எது?"

எனக்கும் தெரியவில்லை. பாண்ட் ஓட்டியது கருமை கலந்த ஆஸ்டன் மார்ட்டின், துரத்தியவை கறுப்பு ஆல்ஃபா ரோமியோ. ஒரு ஷாட் கண்ணில் பதியும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது. சக்கரம், கண்ணாடி, கை, துப்பாக்கி, மறுபடி சக்கரம். எந்த வண்டி முன்னால், எந்த வண்டி பின்னால், பள்ளம் எந்தப் பக்கம் என்று புரிபடவே இல்லை. நெஞ்சு படபடக்க வேண்டிய இடத்தில் கண்தான் வலித்தது.

அந்தத் துரத்தலைப் படமாக்க அவர்கள் கொடுத்த விலையைப் பின்னால்தான் படித்தேன். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் 2008 ஏப்ரலில் படப்பிடிப்பு. படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்த ஓர் ஆஸ்டன் மார்ட்டின் ஏரிக்குள் பாய்ந்தது. சில நாட்களிலேயே இன்னொரு விபத்தில் ஸ்டண்ட் கலைஞர் ஒருவருக்குத் தலையில் பலத்த காயம். பாண்டாக நடித்த டேனியல் கிரெய்க்கும் அந்தப் படத்தில் முகத்தில் தையல் போட்டுக்கொண்டார், விரல் நுனியில் சதையை இழந்தார். உயிரைப் பணயம் வைத்து மனிதர்கள் செய்த ஒன்றை, யார் செய்தார் என்றுகூடத் தெரியாதபடி துண்டு துண்டாக நறுக்கிவிட்டார்களே என்பதுதான் அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிற வருத்தம். ஒரு ஸ்டண்ட் கலைஞர் குதித்தால் அவர் கிளம்பிய இடமும் போய் விழுந்த இடமும் ஒரே ஷாட்டில் தெரிய வேண்டும். அந்த உழைப்புக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை அதுதான்.

அன்றைக்கு ஜேசன் பார்ன் என்ற உளவாளியின் படங்கள் உளவுப்படங்களின் போக்கையே மாற்றியிருந்தன. அந்தப் படங்களில் சண்டைக்காட்சிகளை எடுக்கும் இரண்டாம் யூனிட்டை இயக்கிய டான் பிராட்லியையே பாண்ட் படத்துக்கும் அழைத்து வந்தார்கள். எடிட்டர்களில் ஒருவரான ரிச்சர்ட் பியர்சனும் 'பார்ன் சுப்ரீமஸி'யில் வேலை செய்தவர். அவர்கள் திறமையில் குறை இல்லை. பார்ன் தான் யாரென்றே தெரியாமல் ஓடுகிறவன். அவன் உலகம் சிதறிக் கிடப்பதால் படமும் சிதறலாம். பாண்ட் அப்படி இல்லை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் வாசல் எங்கே, ஆள் எங்கே என்று ஒரே பார்வையில் அளந்துவிடுகிற ஆள். அவரோடு போகும் எங்களுக்கும் அந்தப் பார்வை கிடைத்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுச் சட்டை அளவு சரியாக இல்லை, அவ்வளவுதான்.

இதை மட்டும் சொல்லிவிட்டு "மோசமான படம்" என்று பலர் முடித்துவிட்டார்கள். நானும் சில வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் இரவு கசினோ ராயலையும் இதையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்துப் பார்த்தேன். எனக்கு வேறு படம் தெரிந்தது.

பாண்ட் வரிசையில் முந்தைய படம் முடிந்த இடத்திலிருந்தே நேராகத் தொடங்கும் முதல் படம் இது. கசினோ ராயலின் முடிவில் வெஸ்பர் லிண்ட் வெனிஸில் தண்ணீரில் மூழ்கிச் சாகிறாள். காதலித்தவள், துரோகம் செய்தவள், ஆனாலும் இவன் உயிரைக் காப்பாற்ற விலை கொடுத்தவள். "அவள் செத்துவிட்டாள்" என்று ஒரு கெட்ட வார்த்தையோடு பாண்ட் தொலைபேசியில் சொல்லி முடிப்பான். அந்த வார்த்தைக்குக் கீழே இருக்கும் அழுகை எப்போது வெளியே வரும் என்பதுதான் இரண்டாம் பாகத்தின் முழுக்கதையும்.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் 1969க்குப் போக வேண்டும். அந்த வருடப் படத்தில் பாண்ட் திருமணம் செய்துகொள்கிறான். தாலி கட்டிய ஈரம் காயும் முன் என்று நாங்கள் சொல்வோமே, அப்படி, கல்யாணக் காரிலேயே மனைவி டிரேசி சுட்டுக் கொல்லப்படுகிறாள். கண்ணீரோடு படம் முடிகிறது. 1971இல் அடுத்த படம். எதிரியைத் தேடி நாலு பேரை அடிக்கிறான் பாண்ட், ஆனால் டிரேசியின் பெயர் ஒருமுறைகூட வராது. வைரக் கடத்தல், லாஸ் வேகாஸ், வேடிக்கை என்று படம் வேறு பக்கம் போய்விட்டது. மனைவியின் சாவைக் கம்பளத்துக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். 37 வருடம் கழித்து குவாண்டம் ஆஃப் சோலஸ் அந்தக் கடனை அடைக்க வந்த படம் என்றே நினைக்கிறேன். முழுவதும் அடைக்கவில்லை. ஆனால் அடைக்க முயன்றது.

பொலிவியாவுக்குப் போகும் விமானத்தில் ஒரு காட்சி வருகிறது. எல்லோரும் தூங்குகிறார்கள். பாண்ட் மட்டும் பாரில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறான். பழைய நண்பர் மதிஸ் வந்து என்ன குடிக்கிறாய் என்று கேட்கிறார். தெரியாது என்கிறான் பாண்ட். பாரில் நிற்பவர்தான் ஜின் எவ்வளவு, வோட்கா எவ்வளவு என்று கலவையைச் சொல்கிறார். ஆறு கோப்பை உள்ளே போயிருக்கிறது. முதல் பாகத்தில் அந்தக் கலவைக்கு 'வெஸ்பர்' என்று பெயர் வைத்தவனே இவன்தான். இப்போது அந்தப் பெயர் அவன் வாயில் வரவில்லை. இரண்டே நிமிடக் காட்சி. காமிரா ஆடாமல் நிற்கிறது. படம் முழுக்க ஒளித்துவைத்த துக்கம் அந்த ஆறு கோப்பைகளில் இருக்கிறது.

மதிஸாக நடித்த ஜியான்கார்லோ ஜியானினியைப் பற்றி நிறைய சொல்லலாம். முதல் பாகத்தில் அவரைத் துரோகி என்று பாண்ட் தவறாகச் சந்தேகித்தான். உளவுத்துறை அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. குற்றமற்றவர் என்று தெரிந்ததும் கடலோரத்தில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்துக் கணக்கை நேர் செய்தது. அந்த மனிதரின் வீட்டு வாசலில் போய் பாண்ட் உதவி கேட்கிறான், அவரும் கிளம்பி வருகிறார், அவனால் சாகவும் செய்கிறார். நடுத்தெருவில் பாண்டின் மடியில் கிடந்தபடி, வெஸ்பரை மன்னித்துவிடு, உன்னையும் மன்னித்துக்கொள் என்கிறார். உயிர் பிரிந்ததும் பாண்ட் அந்த உடலைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போடுகிறான். சட்டைப்பையில் இருந்த பணத்தை எடுத்துக்கொள்கிறான். நண்பர்களை இப்படித்தான் நடத்துவாயா என்று உடன் இருந்த கமீல் என்ற பெண் கேட்டதற்கு, அவர் இதைப் பொருட்படுத்த மாட்டார் என்கிறான். திரையரங்கில் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அது படத்தின் துணிச்சலான இடம் என்று தோன்றுகிறது. இந்தத் தொழில் மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று பாண்ட் படம் இவ்வளவு கசப்பாக அதற்கு முன் காட்டியதில்லை.

பிரெகென்ஸ் காட்சியையும் விடமாட்டேன். ஆஸ்திரியாவில் கான்ஸ்டன்ஸ் ஏரியின் மேல் அமைந்த திறந்தவெளி ஓபரா மேடை. பின்னணியில் வானளவு ஒரு நீலக்கண். இது படத்துக்காகப் போட்ட செட் இல்லை, அந்த விழாவில் உண்மையாகவே புச்சினியின் 'டோஸ்கா'வுக்காக நின்ற மேடை. சித்திரவதையும் துரோகமும் செய்யும் ஒரு போலீஸ் தலைவனின் கதை அந்த ஓபரா. கூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இசை கேட்டுக்கொண்டிருக்க, அவர்களுக்குள் சிதறி உட்கார்ந்திருக்கும் சில பணக்காரர்கள் காதில் மாட்டிய சின்னக் கருவி வழியே உலகத்தைப் பங்கு போடுகிறார்கள். ரகசியக் கூட்டம் நடத்த இருட்டறை தேவையில்லை, கூட்டத்தின் நடுவே நடத்தலாம் என்ற அந்தக் கற்பனைக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

பாண்டும் ஒரு கருவியைப் பறித்து மாட்டிக்கொண்டு, நீங்கள் கூடிப்பேச வேறு நல்ல இடம் பார்க்கலாமே என்று அதில் பேசுகிறான். பதறி எழுந்தவர்கள் எல்லோரும் படத்தில் பதிவாகிறார்கள். அந்தக் கூட்டத்தின் ஆளான மிஸ்டர் வைட் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். எழாதவன்தான் ஆபத்தானவன் என்று ஒரு வசனமும் இல்லாமல் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் துப்பாக்கிச் சண்டையில் வெடிச்சத்தத்தை எடுத்துவிட்டு இசையை மட்டும் விட்டார்கள். மேடையில் ஒரு கொலை, சமையலறையில் ஒரு கொலை. இங்கேயும் வேக வேகமாகத்தான் வெட்டியிருக்கிறார்கள், ஆனால் இசை எல்லாவற்றையும் கோத்துப் பிடிக்கிறது. இயக்குநர் மார்க் ஃபோர்ஸ்டர் எப்படிப்பட்ட படம் எடுக்க நினைத்தார் என்று எனக்குப் புரிந்தது இந்தக் காட்சியில்தான். முழுப்படமும் இந்தக் கவனத்தோடு வந்திருந்தால்!

வராமல் போனதற்குக் காரணம் உங்கள் அனைவருக்கும் தெரியும். பால் ஹேகிஸ் திரைக்கதையைக் கொடுத்த சில மணி நேரத்தில், 2007 நவம்பர் 5இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது. 2008 பிப்ரவரி 12 வரை, சரியாக 100 நாள். படத்துக்கு வெளியீட்டுத் தேதி குறித்தாயிற்று. ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. பின்னால் ஒரு பேட்டியில் கிரெய்க்கே மனம்விட்டுச் சொன்னார்: கையில் இருந்தது எலும்பும் தோலுமான கதை, வேறு எழுத்தாளரை வைக்க வழியில்லை, நானும் இயக்குநரும்தான் காட்சிகளை மாற்றி எழுதினோம், நான் எழுத்தாளன் இல்லை.

வேலைநிறுத்தம் செய்தவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வட்டு விற்பனையிலும் இணையத்திலும் தங்கள் எழுத்து சம்பாதிக்கும் பணத்தில் நியாயமான பங்கு கேட்டார்கள். 2023இலும் மறுபடி 148 நாள் வெளியே நிற்க வேண்டி வந்தது. அந்தமுறை மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த நிறுவனங்களில் உங்களுடையதும் ஒன்று. ஆகவே எழுத்தாளருக்குச் சேர வேண்டியதைச் சண்டை போடாமல் கொடுங்கள் என்பதையும் இந்தக் கடிதத்தில் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். என் குறை தேதியின் மேல்தான். கதை தயாராகவில்லை, ஆனாலும் தேதி நகரவில்லை. ஒரு வருடம் தள்ளிப்போட்டிருந்தால் நாங்கள் காத்திருந்திருப்போம். கசினோ ராயலைக் கொடுத்தவர்களுக்காக எத்தனை வருடமும் காத்திருந்திருப்போம்.

கதை தயாராகாத தழும்புகள் படம் முழுக்க இருக்கின்றன. கசினோ ராயல் 144 நிமிடம். இது 106 நிமிடம், பாண்ட் படங்களிலேயே மிகக் குறைவு. நீளம் குறைந்ததால் தவறில்லை. ஆனால் மூச்சு விடும் இடங்கள்தான் வெட்டுப்பட்டிருக்கின்றன. ஒருவர் இன்னொருவரை நம்பத் தொடங்குகிற நேரம், ஒரு தடயத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற யோசனை, இதெல்லாம் காணோம். லண்டனில் பண நோட்டுகளில் கிடைத்த தடயம் ஹெய்ட்டிக்கு அழைத்துப் போகிறது, அங்கே ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு படகு, அதிலிருந்து ஆஸ்திரியா. பாண்ட் கண்டுபிடிக்கிற மாதிரியே இல்லை, யாரோ இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. உளவுக்கதையில் வாசகனும் பார்வையாளனும் ருசிப்பது அந்தக் கண்டுபிடிப்பைத்தானே?

ஜெம்மா ஆர்ட்டர்டன் நடித்த ஃபீல்ட்ஸ் பாத்திரத்துக்கு நடந்தது இன்னும் வருத்தமானது. தூதரகத்தில் எழுத்து வேலை பார்க்கும் பெண், பாண்டைத் திருப்பி அனுப்ப வந்தவள். சில காட்சிகளிலேயே எண்ணெய் பூசிய பிணமாகப் படுக்கையில் கிடக்கிறாள். 1964 படத்தில் தங்கம் பூசிக் கொல்லப்பட்ட பெண்ணுக்கு அஞ்சலியாம். அவளுடைய முழுப்பெயரைக்கூடப் படத்தில் யாரும் சொல்வதில்லை, கடைசிப் பெயர்ப்பட்டியலில்தான் வருகிறது. பாண்டின் மேலதிகாரி எம் ஆக நடித்த ஜூடி டென்ச் அந்தப் படுக்கையருகே நின்று, உன் வசீகரத்துக்கு இந்தப் பெண் பலி என்கிற தொனியில் பாண்டைக் கண்டிப்பார். சரியான கண்டனம். ஆனால் அது படத்தை எழுதியவர்களையும் சேர்த்துத்தான் சுடுகிறது. ஒரு பழைய காட்சியை நினைவூட்டுவதற்காக ஒரு பெண்ணைக் கொல்லும் வழக்கத்தை நீங்களாவது விட்டுவிடுங்கள்.

அதே படத்தில்தான் கமீல் இருக்கிறாள். ஓல்கா குரிலென்கோ நடித்தது. குடும்பத்தைக் கண்முன்னே அழித்த ஜெனரல் மெட்ரானோவைத் தேடி அலைகிறவள், முதுகில் தீக்காயத் தழும்போடு. பாண்டும் அவளும் காதலர்கள் ஆவதில்லை. துக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் ஒரே வண்டியில் கொஞ்சதூரம் போகிறார்கள், அவ்வளவுதான். எப்படிக் குறிபார்ப்பது, எப்போது மூச்சை நிறுத்துவது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். பிரியும்போது உன்னை விடுவிக்க முடிந்தால் நன்றாக இருக்கும், ஆனால் உன் சிறை இங்கே இருக்கிறது என்று அவன் நெற்றியைத் தொடுகிறாள். பாண்ட் வரிசையில் இப்படி ஒரு பெண் பாத்திரம் அபூர்வம்.

வில்லன் டொமினிக் கிரீனைப் பலர் சப்பை என்றார்கள். அவராக நடித்த மத்தியூ அமால்ரிக்குக்குத் தழும்பு கிடையாது, இரும்புப் பல் கிடையாது. சுற்றுச்சூழல் காப்போம் என்று மேடையில் பேசுகிற, கைகுலுக்கிச் சிரிக்கிற தொழிலதிபர். பின்னால் பாலைவனத்து நிலத்தை வாங்கி, நிலத்தடி நீரை ரகசியமாக அணைகட்டித் தேக்குகிறார். அமெரிக்க உளவுத்துறை அங்கே எண்ணெய் இருப்பதாக நினைத்து ஆட்சிக் கவிழ்ப்புக்குக் கண்ணை மூடிக்கொள்கிறது. பிரிட்டிஷ் அமைச்சரும், கெட்டவர்களோடு வியாபாரம் வேண்டாமென்றால் நமக்கு யாரும் மிஞ்ச மாட்டார்கள் என்கிற மாதிரிப் பேசுகிறார். கடைசியில் புதிய சர்வாதிகாரியிடமே கிரீன் ஒப்பந்தத்தை நீட்டுகிறார்: தண்ணீர் என்னிடம்தான், விலை இரண்டு மடங்கு, கையெழுத்துப் போடு.

எனக்கு இது சப்பையாகத் தெரியவில்லை. பொலிவியாவின் கோச்சபாம்பா நகரில் தண்ணீர் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்ததும் கட்டணம் எகிறியது. 2000இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்ப்பலியும் நடந்தது, ஏப்ரலில் அரசு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அந்த நிஜத்தின் சாயல் படத்தில் தெரிகிறது. 2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு இந்த வில்லனை விளக்கவே வேண்டாம். பாண்டும் கமீலும் பாலைவனத்திலிருந்து நடந்து வரும்போது கிராமத்து மக்கள் வற்றிப்போன தொட்டியைச் சுற்றி நிற்பார்கள். சில நொடிதான் அந்தக் காட்சி. அங்கே இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால், ஒரு பாட்டியோ சிறுவனோ இரண்டு வார்த்தை பேசியிருந்தால், கிரீனின் சிரிப்பு நமக்கு ராக்கெட்டைவிடப் பயங்கரமாக இருந்திருக்கும். ஆபத்து யாருக்கு என்று காட்டாமல் வில்லனை மட்டும் காட்டினால் அவன் சின்னவனாகத்தான் தெரிவான்.

அந்த மண்ணைப் படம் அக்கறையில்லாமல் கடந்து போனதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பொலிவியா என்று காட்டிய பாலைவனம் உண்மையில் சிலியின் அன்டோஃபகாஸ்டா பகுதி. 1879இல் தொடங்கிய போரில் பொலிவியா இழந்த நிலம் அது. அதை இழந்ததால்தான் அந்த நாட்டுக்கு இன்றும் கடற்கரை இல்லை. சிலி மண்ணைப் பொலிவியாவாகக் காட்டுவதை எதிர்த்து அந்தப் பகுதி மேயர் ஒருவர் காரை நேராகப் படப்பிடிப்புக்குள் ஓட்டிவிட்டார். அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு விஷயம். நூறு வருடத்துக்கு மேலான காயம் அங்கே இருக்கிறது என்று கதை எழுதும் நேரத்திலேயே தெரிந்திருந்தால், அது கதைக்குள்ளேயே வந்திருக்கும். படமும் கனம் கூடியிருக்கும்.

க்ளைமாக்ஸ் பற்றி நீட்ட விரும்பவில்லை. அடகாமா பாலைவனத்தில் பரனல் தொலைநோக்கி நிலைய விஞ்ஞானிகள் தங்கும் கட்டடம்தான் அந்த ஹோட்டல். வெளித்தோற்றம் அபாரம். உள்ளே எல்லாம் எரிகிறது, கிரீன் கோடாலியை வீசுகிறார், முடிகிறது. தீ சூழ்ந்த அறையில் கமீல் சின்னப் பெண்ணாக நடுங்குவதும், பாண்ட் அவளை அணைத்துக்கொண்டு உட்காருவதும் மட்டும் மனதில் நிற்கிறது. கிரீனை ஒரு டப்பா இன்ஜின் ஆயிலோடு பாலைவனத்தில் விட்டுவிட்டுப் போகிறானே, அது நல்ல தண்டனை. தண்ணீரைத் திருடியவன் தாகத்துக்கு எண்ணெயைக் குடித்துவிட்டு, கடைசியில் சுடப்பட்டுச் சாகிறான்.

கடைசியில் ரஷ்யாவின் கசான் நகரம், பனி. வெஸ்பரை ஏமாற்றிய காதலன் இன்னொரு பெண்ணையும் அதே சங்கிலியைக் கழுத்தில் போட்டு ஏமாற்றிக்கொண்டிருக்கிறான். பாண்ட் அவனைக் கொல்லவில்லை. வெளியே வந்து, வெஸ்பர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி என்று எம்மிடம் சொல்லிவிட்டு, வெஸ்பரின் சங்கிலியைப் பனியில் போட்டுவிட்டுப் போகிறான். சத்தமில்லாத முடிவு. இயான் ஃபிளெமிங் 1960இல் வெளியிட்ட தொகுப்பிலிருக்கும் ஒரு சிறுகதையிலிருந்துதான் படத்தின் பெயர் வந்தது. அதில் துப்பாக்கியே இல்லை. இரண்டு பேருக்கு நடுவே கொஞ்சமாவது ஆறுதல் மிச்சமிருக்கிற வரைதான் அன்பு உயிரோடு இருக்கும் என்று ஓர் ஆளுநர் சாப்பாட்டுக்குப் பின் பாண்டுக்குச் சொல்லும் கதை. தமிழில் ஒரு துளி ஆறுதல் என்று சொல்லலாம். தண்ணீரைப் பற்றிய படத்துக்கு அந்தத் துளி எவ்வளவு பொருத்தம்! படத்தில் யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை. சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

58 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது இந்தப் படம். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் இது வெற்றி என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். ஓபராவில் கூடியவர்களை வைத்து 'குவாண்டம்' என்ற அமைப்பைக் கட்டி எழுப்பினார்கள். பிரதமரின் ஆலோசகரே அதில் ஒரு ஆள் என்று காட்டினார்கள். அந்த நூல் அப்படியே தொங்கிவிட்டது. 2012 படம் அதைத் தொடவில்லை. 2013இல், பழைய பாண்ட் படங்களின் வில்லன் கூட்டமான ஸ்பெக்டர் என்ற பெயரின் உரிமை வழக்கு முடிந்து கைக்கு வந்ததும், 2015இல் குவாண்டம் எல்லாமே ஸ்பெக்டரின் ஒரு கிளைதான் என்று ஒட்டுப்போட்டார்கள். வெஸ்பரின் சாவுவரை இழுத்து அதில் முடிச்சுப் போட்டது எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. ஒரு படத்தில் அவசரப்பட்டதைப் பின்னால் வந்த படங்கள் சுமந்தன.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். புதிய பாண்டின் முதல் படத்தில் நீங்கள் ஒரு காயத்தை உண்டாக்கினால், அடுத்த படத்தில் அதற்கு நேரம் கொடுங்கள். ஸ்டீவன் நைட்டோ, அவருக்குப் பின் வருகிறவரோ, கடைசி வரியை எழுதி முடித்த பிறகு வெளியீட்டுத் தேதியைச் சொல்லுங்கள். நடுவில் எங்களைத் தக்கவைக்க ஸ்ட்ரீமிங்கில் கிளைக்கதைகள் வேண்டாம். நாங்கள் எங்கேயும் போய்விட மாட்டோம்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். குவாண்டம் ஆஃப் சோலஸுக்கு இன்னொரு முடிவு படமாக்கப்பட்டிருக்கிறது. பாண்ட் அந்த ஆலோசகனையும் மிஸ்டர் வைட்டையும் தேடிப்போகும் காட்சி. அடுத்த படத்தின் கையைக் கட்டிவிடக் கூடாது என்று அதை எடுத்துவிட்டார்கள். அந்த அடுத்த படமும் வந்து போய்விட்டது, கிரெய்க்கின் பாண்டும் 2021இல் இறந்துவிட்டான். இனிமேல் அந்தக் காட்சி யாருடைய கையையும் கட்டாது. உங்கள் பெட்டகத்தில் இருந்தால் வெளியிடுங்கள். தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்ப்போம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு ரசிகன்